பறக்காத என்ஜினுக்கு ஒரு மூக்கு

ரோல்ஸ்-ராய்ஸின் கிரெஸி விமான என்ஜின் முதன்முதலாக ஓடியது 1941 ஏப்ரலில், சோதனைக் கூடத்தில். பன்னிரண்டு சிலிண்டர், 26 லிட்டர், டூ-ஸ்ட்ரோக். வழக்கமான வால்வுகள் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக உறையே நகர்ந்து துவாரங்களைத் திறந்து மூடும். பொறியாளர் ஹாரி ரிக்கார்டோவின் நெடுநாள் ஆராய்ச்சி அதற்குப் பின்னால் இருந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் அதை முதலில் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்துக்கென நினைத்தது. பிறகு சோதனைக்காக ஹாக்கர் ஹென்லி விமானம் ஒன்றை மாற்றியமைத்தார்கள். எதிலும் ஏறிப் பறக்காமலே 1945 டிசம்பரில் வேலை நின்றது. அதற்குள் ஜெட் வந்துவிட்டிருந்தது.

அந்த என்ஜினுக்கு ஒரு ஸ்பிட்ஃபயர் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன், 1:72 அளவில். இறக்கை நுனிக்கு நுனி பதினைந்தரை சென்டிமீட்டர்.

*

ஸ்பிட்ஃபயரின் வழக்கமான மெர்லின் என்ஜினில் இரண்டு சிலிண்டர் வரிசைகளும் 60 பாகைக் கோணத்தில் நிற்கும். கிரெஸியில் 90 பாகை. அதனால் மூக்கின் தோள் அகலமாகியே தீரும். பிளாஸ்டிக் தகட்டை இருபுறமும் ஒட்டி, புட்டி வைத்து, நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கிறேன். விரல்தான் அளவுகோல், கண்ணுக்குப் படாத மேட்டை விரல் உடனே சொல்லிவிடும்.

மூக்கோடு வேலை முடிவதில்லை. கிரிஃபன் என்ஜினை வாங்கிக்கொண்ட ஸ்பிட்ஃபயர் 14 என்ன ஆனது என்று பார்க்கிறேன். புரொப்பெல்லருக்கு ஐந்து அலகுகள் வந்தன. ரேடியேட்டர்கள் ஆழமாயின. வால்துடுப்பு பெரிதானது. மெர்லின் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் கிரிஃபன் சுழன்றதால், புறப்படும்போது விமானி மறுபக்கக் காலை மிதிக்க வேண்டியிருந்தது. ஓர் என்ஜினை மாற்றினால் விமானியின் கால் வரைக்கும் மாறுகிறது! கற்பனை விமானம் செய்பவர் மிகவும் மதிக்க வேண்டியது இதைத்தான் என்று நம்புகிறேன். ஆகவே என் வால்துடுப்பையும் அகலப்படுத்தியிருக்கிறேன்.

*

நடந்த வரலாறே சில சமயம் நம் கற்பனையை முந்திக்கொள்கிறது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானத்தின் முதல் மாதிரி 1935-இல் பறந்தது ரோல்ஸ்-ராய்ஸ் கெஸ்ட்ரல் என்ஜினோடு. போருக்குப் பின் ஸ்பெயினில் செய்த கடைசி வகைக்கு வாய்த்ததும் ரோல்ஸ்-ராய்ஸ்தான், மெர்லின். இடையில், கைப்பற்றிய ஸ்பிட்ஃபயர் ஒன்றில் ஜெர்மானியர் டைம்லர்-பென்ஸ் 605 என்ஜினைப் பொருத்திப் பறந்தே பார்த்தார்கள். இவற்றின் படங்களைப் பார்க்கும் எவரும் யாரோ மாதிரி செய்பவரின் மேசையில் பிறந்தவை என்றுதான் நினைப்பார்கள்.

*

ஜெர்மனியின் ஹைன்கெல் 162-ஐ நான் செய்யப்போவதில்லை.

முதுகில் ஒற்றை ஜெட் என்ஜின், மர இறக்கை, சின்னஞ்சிறு உடல். 1944 டிசம்பர் 6-இல் முதலில் பறந்தது. நான்கு நாள் கழித்து இறக்கையின் பசை விட்டுப்போய் விமானி இறந்தார். பல்ஸ்ஜெட் வைத்த வகைகளும் காகிதத்தில் இருந்தன. ‘போர் 1946 வரை நீடித்திருந்தால்’ என்று தொடங்கும் மாதிரிகளில் இவை அதிகம். அழகாகவும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வியன்னாவுக்கு அருகே ஹின்டர்பிரூலில், ஒரு பழைய சுரங்கத்துக்குள், மௌட்ஹவுசன் வதைமுகாமின் கைதிகள் இதன் உடல்களைச் செய்தார்கள். போர் இன்னும் ஓராண்டு நீடிப்பதாகக் கற்பனை செய்தால் அந்தச் சுரங்கமும் ஓராண்டு நீடிக்கும். இறக்கையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களை விட்டுவிட எனக்குக் கை வரவில்லை.

என் கிரெஸி ஸ்பிட்ஃபயருக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ரோல்ஸ்-ராய்ஸின் சோதனைத் தளமிருந்த ஹக்நலில் ஒரு பிற்பகல் போதும். ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கட்டும். அதற்காகப் போர் ஒரு நாள்கூட நீள வேண்டாம்.

*

சோதனைக்கு மட்டுமே பறக்கும் விமானம் என்பதால் அடிப்பக்கம் மஞ்சள். பக்கவாட்டில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற எழுத்து. பிரிட்டன் தன் முன்மாதிரி விமானங்களுக்கு இட்ட குறி அது. படைப்பிரிவு எழுத்துகள் கிடையாது. வீழ்த்திய விமானங்களை எண்ணும் சின்னங்கள் கிடையாது. துப்பாக்கித் துளைகளைப் புட்டியால் அடைத்து மட்டமாக்கிவிட்டேன்.

மஞ்சளுக்கு அடியில் முதலில் வெள்ளை பூச வேண்டும். சாம்பல் பிரைமர்மேல் நேராகப் பூசினால் மஞ்சள் எழும்பாது, அழுக்குப் பச்சையாகத் தெரியும்.