இரவு உண்ணாமையும் ஆறு படிகளும்



சென்ற மார்கழியில் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையைத் தரிசித்து வரும் பேறு கிட்டியது. குகைத்தளத்தின் நெற்றியில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. கி.பி. 870-ஆம் ஆண்டில், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சாந்திவீரக்குரவர் என்னும் பெரியார் அங்குள்ள பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியரையும் புதுப்பித்து 505 காணம் பொன் நிவந்தமாக வைத்தார் எனக் கல்வெட்டு கூறுகிறது. அப்பொன் எதற்கென்று நோக்கினால், வழிபாட்டிற்குரிய அவியோடு, ஓர் அடிகளின் சோற்றுக்கும் அது அமைந்திருக்கிறது. மலையில் தனித்திருக்கும் ஒருவர் நாளைக்கு என்ன உண்பார் என்று கருதிய உள்ளம் அது. அதை எண்ணிக்கொண்டேதான் மறுநாள் காலை ஒட்டன்சத்திரத்தில் பேருந்தேறிப் பாச்சலூருக்குச் சென்றேன்.

பாச்சலூரில் என் தோழி ஒருவர் இருக்கிறார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் என்னுடன் ஈராண்டுகள் ஒரே அறையில் தங்கிப் பயின்றவர். நம் சமயத்தவர் அல்லர். ஓய்வு பெற்றபின் கணவரின் சிறு காப்பித் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். கணவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகன் திருப்பூரில் வேலை செய்கிறார். மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகிறார். பேருந்து வடகாடு, பரப்பலாறு அணை ஆகியவற்றைக் கடந்து வளைந்து வளைந்து ஏறியது. நிழல் மரங்களின்கீழ்க் காப்பிப் பழம் சிவந்திருந்தது. மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. இவ்வளவு அழகிய இடத்தில் முதுமையைக் கழிப்பது புண்ணியம் என்றே அப்போது நினைத்தேன்.

அன்று கதிரவன் மறையுமுன் நான் உண்டு முடித்தேன். தோழியும் என்னோடு அமர்ந்து உண்டார். அதன்பின் ஒரு மிடறு நீரும் அருந்தவில்லை. மறுநாளும் அவ்வாறே. எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்று சொல்வேன்! ஐம்பதாண்டுப் பழக்கத்தில் நம் இரவு உண்ணா நோன்பு இவரையும் பற்றிவிட்டதே என்று பூரித்து, வாய்விட்டுப் பாராட்டவும் செய்தேன். அவர் சிரித்தார்.

"உனக்கு அது நோன்பு. எனக்கு அந்தப் படிகள்" என்றார்.

அவர் கைகாட்டிய திசையில் பார்த்தேன். அது மலைச்சரிவில் கட்டிய வீடு. கழிப்பறை வெளியே, ஆறு கற்படிகளுக்குக் கீழே இருந்தது. விளக்கும் இல்லை, பற்றிக்கொள்ளக் கம்பியும் இல்லை. மார்கழிப் பனியில் கல் வழுக்கும். முந்திய ஆண்டு ஒருமுறை விழுந்திருக்கிறார். அன்று முதல் பிற்பகல் நான்கு மணிக்குமேல் நீர் அருந்துவதில்லை. இரத்தக் கொதிப்புக்கான மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைப் பெருக்குவது; அதனையும் பல நாள் விழுங்காமல் விட்டிருக்கிறார். மகனிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மாமியார் நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டில் இரவு உண்பார் எவரும் இல்லை. ஆகவே அவர் உண்ணாததில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இறுதி ஈராண்டில் நண்பகலுக்குப் பின் நீரையே விட்டுவிட்டார். வந்தவரெல்லாம் பெரிய தவம் என்று கைகூப்பினர், நானும் பெருமைப்பட்டேன். கழிப்பறை கிணற்றுக்கு அப்பால், புழக்கடை வாயிற்படியைத் தாண்டி இருந்தது. ஒருநாள் அவருக்குப் பேச்சுக் குழறி, பிள்ளைகளின் பெயர் மாறியது. முதுமையின் மறதி என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். மருத்துவரோ உடலில் நீர் வற்றிச் சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று ஏறியிருப்பதாகக் கூறினார். முதியோர்க்குக் காய்ச்சல் இல்லாமலே அத்தொற்று மனக்குழப்பமாக வெளிப்படக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பசியை அறிந்த ஆசிரியை நான். என் வீட்டுக் கிழவியின் தாகத்தை அறியவில்லை.

நோன்பு என்பது அறிந்து ஏற்பது. அச்சத்தால் விடுவது நோன்பாகாது. சல்லேகனையைக் குறித்தும் இதையே சொல்வேன். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தபோதும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தபோதும் நாம் எல்லோரும் உரத்துப் பேசினோம். அது தெளிந்த மனத்தோடு, குருவின் இசைவோடு, வாழ்வில் வெறுப்பின்றி ஏற்கத்தக்கது என்றும் வாதிட்டோம். அவ்வளவு பேசிய நாம், "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று ஒரு மூதாட்டி தட்டை ஒதுக்கும்போது, பல் வலியா, மாத்திரையின் விளைவா, தனிமையா, ஆறு படிகளா என்று கேட்பதற்கு முன்பே அதற்குத் தவம் என்று பெயரிடலாமா?

அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. தீர்த்தங்கர நாம கர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளிலும் அது இடம்பெறுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் அத்தொண்டிற்கு உரியோர் பதின்மரைக் கூறுமிடத்து, ஆசாரியர், உபாத்தியாயர் முதலியோரோடு கிலானரையும், அதாவது பிணியால் தளர்ந்தவரையும், சேர்த்துள்ளார். இது முனிவர்க்குச் செய்வதன்றோ, வீட்டு முதியோர்க்கும் பொருந்துமோ என்று சிலர் கேட்கலாம். வீட்டில் பழகாத கை முனிவருக்கு மட்டும் எவ்வாறு தொண்டாற்றும்?

நிர்விசிகித்சை என்னும் அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னன் வரலாற்றை நாம் கேட்டிருக்கிறோம். நோயுற்ற முனிவர் வடிவில் தேவன் ஒருவன் வந்து, மன்னன் அளித்த உணவை உண்டு அவ்விடத்திலேயே வாந்தி எடுக்கிறான். மன்னனும் தேவியும் தம் கைகளாலேயே தூய்மை செய்தனர் என்பதை எல்லோரும் சொல்வர். எனக்கு அதனினும் பெரிதாகப்படுவது வேறொன்று. ஒவ்வாத உணவை அளித்த பாவி நானே என்று மன்னன் தன்னையே நொந்துகொண்டான். நோயாளியிடம் குற்றம் தேடவில்லை.

நாட்டில் வழி இல்லாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பராமரிப்புத் தொகை பெறலாம். 14567 என்னும் எண்ணில் முதியோர்க்கான உதவி கிடைக்கிறது. ஆனால் என் தோழியை மகன் கைவிடவில்லையே! பணம் வந்தது, படியில் விளக்கு வரவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து நம் ஊர்களில், இளையோர் சென்னைக்குப் பெயர்ந்தபின், தெருவில் நடந்தாலே அந்தக் கணக்கு விளங்கும்.

மூன்றாம் நாள், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டிலேயே தருகின்றனர். அப்பெண் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. பழைய அட்டையை வாங்கி எண்ணினார். மிச்சத்தைக் கண்டதும், "பாட்டி, இது ஏன் இவ்வளவு இருக்கு?" என்று தரையில் அமர்ந்துவிட்டார். தோழி என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார். மருத்துவரைக் கேட்டு, அந்த மாத்திரையைக் காலையிலேயே கொடுக்க ஏற்பாடாயிற்று. பகலில் போதிய நீர் அருந்தவும் சொன்னார்கள். வையாவிருத்தியம் என்ற சொல்லை அப்பெண் கேட்டிருக்கமாட்டார்.

நான் செய்தது ஒன்றே. தோழியின் அனுமதியோடு அவர் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "டீச்சர், அம்மா ஒரு தடவைகூடச் சொல்லலையே" என்றார். பொங்கல் விடுமுறைக்கு வந்து, படியோரம் இரும்புக் குழாய் பதித்து, மின்விளக்கு மாட்டி, இரவுக்கென்று கட்டிலருகே கழிப்பறை நாற்காலி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்.

சென்ற வாரம் பாச்சலூரிலிருந்து கடிதம் வந்தது. காப்பி விலை, மழை, முழங்கால் வலி என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஓரத்தில் சிறு எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "இப்போது படுக்குமுன் ஒரு குவளை வெந்நீர் குடிக்கிறேன். நீ கோபித்துக்கொள்ளாதே."