யார் நாக்குக்குச் சமைப்பது?

தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் போகிறவர்களுக்கு மலைக்கோயில், யானை எல்லாம் சொல்லி முடித்ததும் அடுத்துச் சொல்லப்படுவது சமையல் வகுப்பு. விடுதி வாசலுக்கே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் அதற்குப் பணம் கட்டியிருப்பதைக் கேட்டதும் என் நாத்தனார் போனிலேயே சிரித்துவிட்டாள். "ஏன் அண்ணி, இங்கதான் மூணு வேளையும் அடுப்படி. அங்க காசு குடுத்துப் போயும் அடுப்பா?"

நியாயமான கேள்விதான். ஆனால் கரண்டி பிடிப்பதில் எனக்கு என்றைக்கும் அலுப்பு வந்ததில்லை. நாளைக்கு என்ன குழம்பு, மாவு இருக்கிறதா, பாலுக்கு உறை ஊற்றியாயிற்றா என்று படுத்த பிறகும் ஓடுகிற கணக்கு இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்கிறது. வகுப்பில் அந்தக் கணக்கு கிடையாது. சந்தைக்குக் கூட்டிப்போய்க் காய்களைக் காட்டுகிறார்கள். திரும்பி வந்தால் எல்லாம் கழுவி, நறுக்கி, தட்டில் அடுக்கியிருக்கிறது. நாங்கள் வதக்கி இறக்கிய வாணலியைப் பின்கட்டில் இரண்டு பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டு அடுக்களையில் பாதி வேலை எதுவோ, அதை அவர்கள் தலையில் கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் நாங்கள் 'சமையல்' என்று கற்றுக்கொண்டிருந்தோம். இது அங்கே யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. எனக்கு உறுத்தியது, ஆனாலும் எழுந்து போய்த் தேய்க்கவில்லை.

ஆளுக்கொரு கல் உரல் கொடுத்தார்கள். சிவப்புக் கறிக்கான விழுது. ஊறவைத்த காய்ந்த மிளகாயை உப்போடு சேர்த்து முதலில் இடிக்க வேண்டும். உப்பு நறநறவென்று இருப்பதால் மிளகாய்த் தோல் சீக்கிரம் மசியும். பிறகு எலுமிச்சைப்புல், அரத்தை. நம்மூரில் இருமலுக்குக் கஷாயம் வைக்கிற அரத்தையின் இனம்தான். அங்கே அது இஞ்சி மாதிரி அன்றாடச் சரக்கு. நாம் கிள்ளி எறிகிற கொத்தமல்லி வேரையும் போடுகிறார்கள். பூண்டும் வெங்காயமும் அதற்கப்புறம். இறால் விழுது கடைசியில்.

என்னைத் திகைக்க வைத்தது தேங்காய்ப்பால். முதல் பாலைக் கடைசியில் ஊற்று, நுரை கட்டியதும் இறக்கு, கொதித்தால் திரிந்துவிடும் என்பது அம்மா எனக்குப் போட்டுக்கொடுத்த சட்டம். அங்கே கெட்டிப் பாலை முதலில் வாணலியில் ஊற்றி, திரிந்து எண்ணெய் மிதக்கும்வரை வேண்டுமென்றே கொதிக்க விடுகிறார்கள். அந்த எண்ணெயில்தான் விழுதை வதக்க வேண்டும். வாசனை வீதிவரை போகிறது. இத்தனை வருஷம் ஒரு குற்றம்போலப் பார்த்துப் பயந்த ஒன்று, வேறொரு ஊரில் முதல் படி!

அடுத்து ஆசிரியை ஒவ்வொரு அடுப்பாக வந்து கேட்டார்: "உங்களுக்கு எத்தனை மிளகாய்?"

அவரவர் வாணலியில் அவரவர் சாப்பாடு என்பதால் இந்தக் கேள்வி. சுற்றியிருந்தவர்கள் ஒன்று, மூன்று என்று சட்டென்று சொன்னார்கள். எனக்குப் பதில் வரவில்லை. மாமனாருக்கு அல்சர், சின்னவனுக்குக் காரம் ஆகாது, வீட்டுக்காரருக்கு உறைத்தால்தான் சாப்பாடு. இந்த மூன்று பேருக்கும் நடுவில் எத்தனை மிளகாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்கு எத்தனை? அப்படி ஒரு கணக்கை நான் போட்டதே இல்லை. நாலு போட்டேன். மூக்கில் தண்ணீர் வந்தது, நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அந்த ஊர் நூடுல்ஸ் கடை மேசைகளைக் கவனித்துப் பார்த்தேன். சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ் என்று எல்லா மேசையிலும் ஒரு செட்டு. சாப்பிட வருகிறவர் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்கிறார். சமைத்தவருக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. உலகம் முழுக்கத் தெரிந்த பாட் தாய் நூடுல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938-இல் முதல்முறை பிரதமரான பிபுன் சொங்க்ராம் காலத்தில் அரசாங்கமே முன்னின்று பரப்பிய பண்டம் அது. நாட்டுக்கே ஒரே சாப்பாடு என்று மேலிருந்து வந்ததுகூட, தட்டில் வரும்போது ஓரத்தில் சர்க்கரையும் மிளகாய்த் தூளும் எலுமிச்சைத் துண்டும் வைத்து, மிச்சத்தை நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறது.

நம் வீடுகளில் "உப்பு இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் அது உப்பைப் பற்றிய கேள்வி இல்லை, தீர்ப்பு. பந்தியே ஒரு நொடி நின்றுவிடும். எல்லார் நாக்குக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்று எப்போது யார் எழுதிவைத்தார்கள்? அன்பு என்று அதற்குப் பெயர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த அன்பில் சமைக்கிறவளின் நாக்கு மட்டும் கணக்கில் வராமல் போவதை நான் இனி அத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வதாக இல்லை.

ஊர் திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் உப்பு, மிளகுத்தூள், வினிகரில் ஊறிய பச்சைமிளகாய் மூன்றையும் கிண்ணத்தில் வைத்தேன். மாமனார் முதலில் தொடவே இல்லை. ஒருநாள் ரசம் வாயில் பட்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உப்பு பக்கத்துலயே இருக்கு மாமா" என்றேன். அள்ளிப் போட்டுக்கொண்டார், கூடிப்போய்விட்டது. யாரைச் சொல்வது என்று தெரியாமல் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.