காடும் கடலும் தந்த தேர்

ஒடிசாவின் கடலோர மக்கள் நீரைக் கண்டு அஞ்சுகின்றனர். மேற்கே காளஹாண்டி, பலாங்கீர் மாவட்டத்தினரோ நீருக்காக ஏங்குகின்றனர். 1999 அக்டோபர் பெரும்புயலில் கடலோரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். மழை பொய்த்தால், மேற்கில் பல குடும்பங்கள் பிழைப்புக்காக ஊரையே துறக்கின்றன. ஒருவர் துயரை மற்றவர் எவ்வாறு அறிவார்?

பூரியில் உறையும் ஜகந்நாதர், முன்பு காட்டில் சபரர் தலைவரான விசுவாவசுவால் நீலமாதவராக வழிபடப்பட்டவர் என்பது மரபு. கடலருகே ஓடும் அவரது தேர்களுக்கு வழிவழியாக மரம் தந்தவை தசபல்லாவின் உள்நாட்டுக் காடுகள். இரு நிலத்தாரும் ஒரே வடத்தைப் பற்றி இழுக்கின்றனர்.

விழா முடிந்தபின், புயலில் வீடிழந்தவனுக்கும் வறட்சியில் ஊரிழந்தவனுக்கும் நீளும் கை எதுவோ, அதுவே இன்னும் வடத்தை விடாத கை.