தராசும் பச்சிலையும்

 

நம் கடைகளில் அரிசியும் சீனியும் கோதுமை மாவும் நிறுத்து விற்கிறோம். பருத்தித் துணியை அளந்து கொடுக்கிறோம். பற்று வரவைத் தாளில் எழுதுகிறோம். இவை அனைத்தும் ஒரே சரக்கின் பல உருவங்கள் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? செடி, வேரால் நீரை வாங்குகிறது. இலையால் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்குகிறது. வெயிலின் துணையால் இரண்டையும் சர்க்கரையாக்குகிறது. அச்சர்க்கரையே நெல்லில் மாவுப் பொருளாகவும் பருத்தியில் நாராகவும் நிற்கிறது. ஒரு கிலோ குளுக்கோஸ் உண்டாக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரியமில வாயு வேண்டும். அவ்வேலையில் வெளிப்படும் பிராண வாயுவைத்தான் நாம் சுவாசிக்கிறோம். சுப்ஹானல்லாஹ்!

அர்ரஹ்மான் சூராவில், வானத்தை உயர்த்தியதைக் கூறும் இடத்திலேயே அல்லாஹு தஆலா தராசையும் கூறுகிறான். நிறுவையில் குறை செய்வதைத் தடுக்கிறான். காற்றின் கணக்கிலும் அத்தராசு உண்டு. செடிகொடிகள் ஆண்டுதோறும் எடுத்த கரியும், அவை சுவாசித்தும் மக்கியும் திருப்பிக் கொடுத்த கரியும் ஏறக்குறையச் சமமாகவே இருந்து வந்தன. சொற்ப மிச்சம் மட்டும் மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் சேர்ந்தது. யாஸீன் சூராவில் பச்சை மரத்து நெருப்பைப் பற்றி ஓதுகிறோம். நம் லாரியில் எரிவதும் அந்தப் பழைய வெயிலே.

சேர்ந்த முதலை இருநூறு ஆண்டுகளாக எடுத்து எரித்து வருகிறது மனித குலம். ஆலைகள் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2023-இல் 420-ஐத் தாண்டிற்று. நாம் விடுவதில் ஏறக்குறையப் பாதியை மரங்களும் கடலும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலே தங்கி, போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதுவரை பதிவான ஆண்டுகளில் மிக வெப்பமானது 2024.

அண்டையிலும் சான்று உண்டு. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக முழுதும் மக்காத தழைகளால் ஆன சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டி உலர்த்தினார்கள், தீயும் வைத்தார்கள். 1997-இலும் 2015-இலும் அப்புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடியது.

சகோதரர்களே! எத்தீமின் சொத்துக்குக் காவலாக இருப்பவன், அவன் வளருமுன்னே அதைத் தின்று தீர்த்தால் அவனை என்னவென்று சொல்வோம்? இன்னும் பிறவாத பிள்ளைகளின் காற்றும் நம் கையில் அமானத்தே. வாடிக்கைக்காரருக்கு ஒரு பிடி அரிசி குறைக்க அஞ்சும் நாம், அப்பிள்ளைகளுக்குக் குறைக்கத் துணியலாமா?

மரம் நடுவதைச் சதக்கா என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். ஆகவே நடுவோம். ஆயினும் நாலு கன்று நட்டதும் கடன் தீர்ந்தது என்று எண்ணலாகாது. புதைந்த முதலைப் புதைந்தபடி விடுவதே முதற்கடமை. கடையடைத்த பின்னும் எரியும் விளக்கு, பாதிச் சரக்கோடு ஓடும் லாரி, விருந்தில் கொட்டப்படும் சோறு எல்லாம் வீண் விரயமே. ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் நாளில் மின்சார பில்லையும் எண்ணெய்ச் செலவையும் உடன் வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டைவிடக் குறைந்ததா என்று கேளுங்கள்.

நிறுவையில் நேர்மை தவறாத கூட்டத்தில் வல்ல ரஹ்மான் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.