கமராவற்ற திரைப்படமும் கலைஞனின் பொறுப்பும்

திரைப்படத்தின் உண்மைக்குக் கமராவே சாட்சி என்பது பொதுவான நம்பிக்கை. கமராவின் முன் ஒரு பொருள் இருந்தது. அதினின்றும் வந்த ஒளி படச்சுருளிற் பதிந்தது. ஆகவே காட்டப்படுவது இருந்ததே என்பர். பிரெஞ்சு விமர்சகர் அந்திரே பஸான் நிழற்படத்தின் சிறப்பாக வற்புறுத்தியதும் இத்தொடர்பையே. அவ்வாறாயின், கமராவை விலக்கிச் சுருளின்மீது கையால் ஆக்கப்படும் படம் உண்மையோடு எத்தகைய உறவு கொண்டது? அதனை ஆக்குபவன் எதற்குப் பொறுப்பாளி?

இம்முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. நியூசிலாந்தில் பிறந்த லென் லை, 1935இல் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் திரைப்படப் பிரிவுக்காக 'எ கலர் பொக்ஸ்' என்ற படத்தைச் சுருளில் நேரே வர்ணந்தீட்டி ஆக்கினார். கனடாவில் நோர்மன் மக்லாரனும் ஈவ்லின் லாம்பாட்டும் 1949இல் ஒஸ்கார் பீற்றர்சன் குழுவினரின் ஜாஸ் இசைக்கு இயைய வர்ணந்தீட்டினர். செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும் இக்கலையில் ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டகங்கள் வேண்டும் என்பது அவ்வுழைப்பின் அளவை உணர்த்தும்.

எனினும், மேற்கூறிய வினாவைக் கூர்மையாக எழுப்புவது அமெரிக்கரான ஸ்ரான் பிராக்கேஜ் 1963இல் ஆக்கிய 'மொத்லைற்' ஆகும். விளக்குகளில் வீழ்ந்திறந்த விட்டில்களின் சிறகுகளையும், இலை, இதழ், புல் என்பவற்றையும் திரட்டி, ஒளி ஊடுருவும் இரு ஒட்டுநாடாக்களுக்கிடையே அவர் பொருத்தினார். அந்நாடா ஆய்வுகூடத்திற் படியெடுக்கப்பட்டே திரைக்கு வந்தது. நான்கு நிமிடத்துக்குட்பட்ட இம்மௌனப் படத்திற் சிறகுகள் சட்டக எல்லைகளைப் பொருட்படுத்தாது ஓடுகின்றன. நரம்புகளும் துகள்களும் கணந்தோறும் தோன்றி மறைகின்றன.

இங்கு ஒளியின்முன் வைக்கப்பட்டது சிறகே. அவ்வகையில் இப்படம் கமராப் படத்தினும் பொருளுக்கு அண்மையது. ஆயினும் திரையிற் காணும் அசைவு விட்டிலின் அசைவாகாது. அதனைத் தந்தது எறிகருவி. சிறகுகளின் ஒழுங்கைத் தந்தது கலைஞனின் கை. பொருளுக்கு அண்மையாயிருத்தல் மட்டுமே உண்மையாயிருத்தல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

விளக்கில் வீழும் விட்டில் தமிழ் மரபில் ஆசையால் அழிவோர்க்கு உவமை. உவமை கூறுவோனும் அச்சாவைத் தன் கருத்துக்குப் பயன்படுத்துகின்றான். பிராக்கேஜும் சாவைக் காட்சிப்பொருளாக்கினார் எனக் குறைகூறலாம். அவர் அவற்றைக் கொல்லவில்லை என்பது பாதி விடையே. கமராக்காரன் 'இருந்ததையே எடுத்தேன்' என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு சிறகையும் தானே எடுத்து வைத்தவனுக்கு அப்புகலிடம் இல்லை. உண்மையில் கமராக்காரனுக்கும் அது இல்லை. எங்கு நிற்பது, எதை விடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அவனும் தெரிந்தே செய்கின்றான். கமரா மறைத்து வைத்திருந்த பொறுப்பைக் கமராவற்ற படம் வெளிப்படையாக்குகின்றது.

2003இல் மறைவதற்கு முன்னர், நோய்ப்படுக்கையிற் கிடந்த பிராக்கேஜ், கறுப்புச் சுருளை எச்சிலால் இளக்கி நகத்தாற் கீறித் தம் இறுதிப் படத்தை ஆக்கினார். அக்கீறல்கள் புறவுலகின் எப்பொருளையும் காட்டுவதாக உரிமை கோருவதில்லை; ஒரு கை அங்கு இயங்கியதென்பதை மட்டும் அவை மறுக்கவொண்ணாதபடி கூறுகின்றன. படமொன்றின் உண்மையை ஆராய்வோர், கமராவின் முன் எது இருந்தது என்று கேட்பதுடன் அமையாது, யாருடைய கை எதைத் தெரிந்து அங்கு வைத்தது என்றும் கேட்டல் வேண்டும்.