ஒப்படைக்க முதலில் கையில் வேண்டும்

பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைக்கு நான்கு தளங்கள். கீழே கருவூலம். அதன் மேல் மூலிகை மரங்களால் செய்த கட்டிலோடு மன்னரின் பள்ளியறை. அதற்கும் மேல் அவர் ஓய்வு கொள்ளும் இடம். எல்லாவற்றுக்கும் உச்சியில், சுவரெங்கும் ஓவியம் தீட்டிய அறை பத்மநாபசுவாமிக்கு உரியது. செல்வத்தின் மேல் அரசன், அரசனின் மேல் இறைவன் என்ற அடுக்கு இது. இந்த அடுக்கின் பொருளை 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா வெளிப்படையாகவே அறிவித்தார். திருப்படிதானம் என்ற சடங்கில் திருவிதாங்கூர் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமியின் பாதத்தில் வைத்து, தமக்கென ஒன்றும் இல்லாத பத்மநாபதாசனாக வாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஓர் அரசர் தம்மை அதிகாரம் அற்றவர் என்று அறிவித்த நிகழ்ச்சி அது. அந்த அரண்மனை இருக்கும் கல்குளம் நாட்டில், அதே காலத்திலும் அதற்குப் பின் நூறாண்டுகளுக்கு மேலும், தோளில் சீலை போடும் உரிமைகூட இல்லாத மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களும் அதிகாரம் அற்றவர்கள்தாம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில் ஒரு பெரிய அநீதி ஒளிந்திருக்கிறது. நம் சமய வாழ்வில் அந்த அநீதி நெடுங்காலமாக நடந்துவருகிறது.

ஆற்றல் இல்லாமை மூன்று வகை. முதலாவது, மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் பொதுவானது. மூப்பும் மரணமும் மன்னரைக் கேட்டு வருவதில்லை. இரண்டாவது, ஒருவரிடமிருந்து பிறர் பறித்ததால் வருவது. வரி, சாதி, சட்டம், வறுமை, வீட்டுக்குள் நடக்கும் அடக்குமுறை எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, தன்னிடம் உள்ளதை ஒருவர் தாமே முன்வந்து இறைவனிடமோ அறத்திடமோ ஒப்படைப்பதால் வருவது. சரணாகதி என்று சமயங்கள் போற்றுவது இதைத்தான். இரண்டாவது வகையில் சிக்கியவர்களுக்கு மூன்றாவது வகையின் அறத்தை உபதேசிப்பது தவறு என்பதே நான் இங்கே சொல்ல வருவது. ஒப்படைக்க வேண்டுமானால் முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பறிகொடுத்தவருக்கு முதற்கடமை நிமிர்ந்து நிற்பது. ஒப்படைப்பு அதற்குப் பின் வரும் அறம்.

மார்த்தாண்ட வர்மாவையே எடுத்துக்கொள்வோம். அவர் 1729இல் பட்டத்துக்கு வந்தார். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்களின் வலிமையை ஒடுக்கினார். 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றார். காயங்குளம், அம்பலப்புழை போன்ற சிற்றரசுகளைச் சேர்த்துக்கொண்டார். இத்தனையும் முடிந்த பிறகுதான் நாட்டை இறைவனுக்குத் தந்தார். உச்சியில் நின்றவரின் ஒப்படைப்பு அது. அதன் உடனடி விளைவு அவருடைய அதிகாரம் கூடியதுதான். அரசரை எதிர்ப்பது இனி தெய்வத்தை எதிர்ப்பதாகும். இது வெறும் அரசியல் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். பக்தியைத் தந்திரம் என்று குறுக்கக் கூடாது என்று வேறு சிலர் மறுப்பார்கள். மனத்தின் உள்ளே நுழைந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு வழியில்லை. அவருக்குப் பின்வந்தவர்களை அந்தச் சத்தியம் கட்டுப்படுத்தியது என்பதையும் மறுக்க முடியாது. 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது வெளிப்பட்ட செல்வம், தங்களுடையது அல்ல என்று ஒரு வம்சம் கருதிக் காத்ததற்குச் சாட்சி. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒருவர் தம் அதிகாரத்தை இறைவனிடம் வைத்துவிட்டார் என்றால், அவருக்குக் கீழே இருந்தவர்களின் சுமை அதனால் குறைந்ததா? திருப்படிதானத்துக்குப் பிறகும் கூலியில்லாத ஊழியம் நின்றுவிடவில்லை. தலைவரி தொடர்ந்தது. அடிமைகளை விற்பதும் வாங்குவதும் தொடர்ந்தது. அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல்தான் வந்தது. தாசன் என்ற பெயரை அரசர் ஏற்றார், தாசனுக்குரிய பாரத்தைக் குடிகள் சுமந்தார்கள்.

இந்த இரண்டாம் வகை ஆற்றலின்மை எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதற்குத் தோள்சீலைப் போராட்டத்தைவிடத் தெளிவான சான்று தமிழ் நிலத்தில் அரிது. தென்திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டபோது, சமயத் தொண்டர் சார்லஸ் மீட் ஆங்கிலேய ரெசிடெண்டிடம் முறையிட்டார். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 1829 பிப்ரவரியில் வந்த அரச அறிவிப்பு, உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணியும் உரிமையை அவர்களுக்கு மறுத்தது. குப்பாயம் என்ற சட்டையோடு நிற்கச் சொன்னது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் மீண்டும் கலவரம் மூண்டது. 1859 ஜூலை 26ஆம் தேதி வெளியான அறிவிப்பு எல்லா நாடார் பெண்களும் மேலாடை அணிய அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். தீர்ப்பால் தரப்பட்டது, அறிவிப்பால் பறிக்கப்பட்டது, மறு அறிவிப்பால் பாதி திருப்பித் தரப்பட்டது. இதில் விதி எங்கே இருக்கிறது? கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள ஒன்றை ஊழ்வினை என்று சொல்ல முடியாது. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம் என்பதை அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள்.

நம் தத்துவ மரபு இதற்குத் துணை நிற்கிறதா, எதிராக நிற்கிறதா? சைவ சித்தாந்தம் துணை நிற்கிறது என்றே நான் கருதுகிறேன். அதன் கொள்கையில் உயிருக்கு இச்சை, அறிவு, செயல் என்ற மூன்று ஆற்றல்களும் இயல்பிலேயே உண்டு. ஆணவ மலம் அவற்றை மறைக்கிறது, அழிப்பதில்லை. வியாபகமான உயிரை அணுவளவாகச் சுருக்கிக் காட்டுவதும் அந்த மலத்தின் வேலை. சிறு அறிவை வைத்துக்கொண்டு நானே எல்லாம் என்று பொங்க வைப்பதும் அதன் வேலையே. இதன் உட்பொருளை நாம் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை. ஆணவம் என்றால் செருக்கு என்று மட்டும் எண்ணி, தாழ்ந்து கிடப்பவரிடம் இன்னும் பணிவைக் கேட்கிறோம். என்னால் ஆகாது, நான் இதற்குத் தகுதி இல்லாதவன் என்று ஓர் உயிர் நம்பும்படி செய்வதும் அதே மறைப்புத்தான். எனவே ஒரு மக்கள் கூட்டத்தின் விருப்பத்தையும் அறிவையும் செயலையும் முடக்கும் சமூக ஏற்பாடு மலத்தின் பக்கம் நிற்கிறது. அந்த முடக்கத்தை நீக்குவது அருளின் பக்கம் நிற்பதாகும்.

இங்கே வைணவ மரபிலிருந்து வலுவான ஒரு மறுப்பு எழும். சரணாகதியாகிய பிரபத்திக்கு வேண்டிய முதல் தகுதியே ஆகிஞ்சன்யம், அதாவது வேறு உபாயம் எதுவும் தன்னிடம் இல்லாமை. ஒன்றும் இல்லாதவரே சரணாகதிக்கு மிகவும் உரியவர் என்று ஆசாரியர்கள் சொல்லும்போது, ஒப்படைக்கக் கையில் வேண்டும் என்பது எப்படிச் சரியாகும்? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஆகிஞ்சன்யத்தோடு அநந்யகதித்துவமும் சேர்த்தே சொல்லப்படுகிறது; இறைவனைத் தவிர வேறு புகலிடம் இல்லை என்பது அதன் பொருள். இறைவனைத் தவிர வேறு கதியில்லை என்று உண்மையாக நம்புகிறவருக்கு ஜமீனும் அதிகாரியும் சாதித் தலைவனும் கதியாக முடியாது. கடவுளிடம் சரண் அடைவது மனிதரிடம் அடங்கிப்போவதை முடித்துவைக்க வேண்டும். சரணாகதிக்கு உரையாசிரியர்கள் காட்டும் திரௌபதியையே பாருங்கள். இரு கைகளையும் விட்டுக் கண்ணனை அழைத்தாள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன் அவள் சபையில் எழுப்பிய கேள்வியை மறந்துவிடுகிறார்கள். தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று பீஷ்மரும் துரோணரும் இருந்த அவையில் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயடைத்துப்போன பின்னரே கைகளை உயர்த்தினாள். கஜேந்திரன் என்ற யானையும் ஆயிரம் ஆண்டுகள் முதலையோடு போராடிய பிறகே ஆதிமூலத்தை அழைத்தது. அந்தப் போராட்டம் பலன் தரவில்லை என்பது உண்மை. போராடாமல் அந்த உண்மையை அறிய முடியாது என்பதும் உண்மை.

அகத்தீஸ்வரம் பகுதியில் அய்யா வைகுண்டர் இதை வாழ்க்கை முறையாகவே ஆக்கினார். பத்மநாபபுரத்து மன்னர்கள் வணங்கிய அதே நாராயணனின் பெயரில்தான் அவரும் பேசினார். அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தது. அவர் ஆயுதம் எடுக்கச் சொல்லவில்லை. தலையில் துண்டு கட்ட உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். தம் வழிபாட்டிடங்களான பதியிலும் நிழல்தாங்கலிலும் சிலைக்குப் பதில் கண்ணாடியை வைத்து, வணங்க வருகிறவர் தம் உருவத்தையே காணும்படி செய்தார். சாமிதோப்பில் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தார்கள். மன்னர் இறைவன் முன் முடியை இறக்கினார். வைகுண்டர் இறைவன் முன் மக்களின் தலையில் பாகையை ஏற்றினார். இரண்டுமே பக்திதான், இருவரும் நின்ற இடம்தான் வேறு. முடி இருந்தவருக்கு இறக்குவது அறம். வெறுந்தலையோடு நிறுத்தப்பட்டவருக்கு ஏற்றுவது அறம்.

அப்படியானால் துன்பத்தை ஏற்றுக்கொண்ட அடியார்களை என்ன செய்வது என்று கேட்கலாம். இந்த மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றம் எது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. பதவியும் உடலின் விடுதலையும் கடைசியில் உயிரும் அவரிடமிருந்து போயின. அவருடைய சம்மதத்தை மட்டும் எவராலும் எடுக்க முடியவில்லை. இவரைப் போன்றவர்களைக் காட்டி, துன்பத்தைப் பொறுப்பதே புனிதம் என்று ஏழைகளிடம் சொல்வது அவருடைய வாழ்வையே திரிப்பதாகும். மற்றவர் கட்டளைக்கு இணங்க மறுத்ததில் இருக்கிறது அவருடைய பெருமை. துன்பம் அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை.

முதல் வகையான பொது இயலாமையில் சரணாகதிக்கு மறுப்பே இல்லை. தீராத நோய், பிள்ளையைப் பறிகொடுத்த துயரம், நெருங்கிவரும் முடிவு ஆகியவற்றின் முன் கைகூப்புவது கோழைத்தனம் ஆகாது. ஆனால் அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. பத்மநாபபுரத்திலிருந்து தொலைவில்லாத நெய்யூரில் 1838இல் மருத்துவத் தொண்டு தொடங்கியது. எவரெஸ்ட் ஏறச் சென்ற மருத்துவர் சாமர்வெல் பின்னாளில் அங்கேதான் பல ஆண்டுகள் அறுவை மருத்துவம் செய்தார். முந்தைய தலைமுறை விதி என்று விட்ட எத்தனையோ நோய்கள் அங்கே குணமாயின. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. இரண்டையும் ஒரே புலவர் எழுதினார் என்பதே நமக்குப் பாடம். விதி என்ற சொல் முயற்சியெல்லாம் முடிந்தபின் கடைசியில் வர வேண்டிய சொல்.

நிமிர்ந்தவர்கள் நாளை பிறரை மிதிக்க மாட்டார்களா என்பது கடைசி மறுப்பு. மிதிப்பார்கள், வரலாறு அதைக் காட்டுகிறது. அதனால்தான் ஆற்றல் கைக்கு வந்தவுடன் ஒப்படைப்பு கடமையாகிறது. அதை அளக்க ஓர் உரைகல்லும் உண்டு: என் பணிவால் எனக்குக் கீழே இருப்பவரின் சுமை குறைந்ததா? 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் ஆலயப் பிரவேச அறிவிப்பில் கையெழுத்திட்டபோது பத்மநாபதாசன் என்ற பெயர் அந்த உரைகல்லில் தேறியது. கல்குளம் நீலகண்டசுவாமி கோவில் உட்பட அரசின் பொறுப்பில் இருந்த கோவில்களின் வாசல்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் போராடியவர்களின் நிமிர்வு இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கீழிருந்து நிமிர்வும் மேலிருந்து இறக்கமும் சந்தித்த இடத்தில்தான் வாசல் திறந்தது.

இன்று அந்த உரைகல் நம் வீட்டிலும் அலுவலகத்திலும் கோவிலிலும் தேவைப்படுகிறது. கணவனின் அடிக்கு ஆளான பெண்ணிடம் பொறுமையைப் போதிப்பவர், கூலி கேட்ட தொழிலாளியிடம் திருப்தியைப் போதிப்பவர், பங்கு கேட்ட சாதியிடம் பணிவைப் போதிப்பவர் எல்லோரும் சரணாகதியைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பணிவு வேண்டுமென்றால் கணவனிடமும் முதலாளியிடமும் அறங்காவலரிடமும் கேளுங்கள். ஒப்படைக்க அவர்களிடம்தான் இருக்கிறது. பறிகொடுத்தவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உங்களுடையதை முதலில் கேட்டு வாங்குங்கள், கடவுள் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.