கடும் கிட்டப்பார்வையும் அதைச் சூழும் அச்சமும்

கிட்டப்பார்வை மைனஸ் 6 பவரை எட்டிவிட்டால் கண் மருத்துவர்கள் அதைக் கடும் கிட்டப்பார்வை என்று வகைப்படுத்துகிறார்கள். சோடாபுட்டி என்ற கேலி பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் பவர் கொஞ்சம் ஏறியிருப்பதாகக் கேட்கும்போது எழும் பயம் வயதோடு சேர்ந்து வளர்கிறது. இப்படியே ஏறிக்கொண்டு போனால் ஒருநாள் எதுவும் தெரியாமல் போய்விடுமோ என்பதே அந்தப் பயம்.

இந்தப் பயத்தில் பார்வையின் மங்கல், கண்ணின் நீளம் என்ற இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மி.மீ. நீளம் இருக்கும். கடும் கிட்டப்பார்வையில் அது பெரும்பாலும் 26 மி.மீ.யைத் தாண்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று பவர் ஏறும். மங்கலை லென்ஸ் சரிசெய்துவிடுகிறது. நீளத்தை எந்த லென்ஸும் குறைப்பதில்லை. நீண்ட கண்ணில் விழித்திரையும் அதற்கடியில் உள்ள இரத்தநாளப் படலமும் இழுபட்டு மெலிகின்றன. பார்வைக்கான ஆபத்து பிறப்பது இந்த மெலிவில்தான். லேசிக் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டவர்கள் ஆபத்தும் நீங்கியதாக நினைப்பதுண்டு. அந்தச் சிகிச்சை கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. ஆகவே அவர்களுக்கும் விழித்திரைப் பரிசோதனை முன்போலவே தேவை. மறுபக்கம், நடுவயதில் பவர் சடசடவென்று ஏறினால் அது கண்புரையாகவும் இருக்கலாம். அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். ஏறும் எண்ணெல்லாம் இருட்டை நோக்கிய படிக்கட்டு ஆகாது.

அஞ்ச வேண்டியவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்வதே அச்சத்தின் பெரிய பலம். பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி தெரிகிறது. விழித்திரை கிழிந்து விலகுவது தீராத நோய் என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1920களில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர மருத்துவர் ஜூல் கொனான், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால் விலகிய திரை மீண்டும் ஒட்டும் என்று நிறுவினார். இன்று விலகலுக்கு முன் கிழிசலாக மட்டும் இருக்கும்போதே பிடித்துவிட்டால், லேசர் போட்டுக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். பார்வையின் மையத்தில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்தால், கண்ணுக்குள் போடும் ஊசிகள் இருக்கின்றன. கிளாக்கோமாவின் வேகத்தைச் சொட்டு மருந்து குறைக்கும். விழித்திரையின் மையப் பகுதி மெல்லத் தேய்ந்துபோவதற்குத்தான் இதுவரை நல்ல சிகிச்சை இல்லை. இதை மறைத்துத் தைரியம் சொல்வது உதவி ஆகாது. ஆனால் அந்தத் தேய்விலும் பக்கப் பார்வை பொதுவாக மிஞ்சுகிறது. முழு இருட்டு அரிது.

இந்த அச்சம் அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்பதைக் குளியலறையில் பார்க்கலாம். ஒருவர் வெள்ளை ஓடு பதித்த சுவருக்கு முன் நின்று இடக்கண்ணை மூடி, ஓடுகளின் இடைக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வலக்கண்ணை மூடுவார். பார்வையில் பூச்சிபோல் மிதக்கும் கரும்புள்ளிகள் நேற்றைவிடக் கூடியிருக்கின்றனவா என்று எண்ணுவார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். உற்றுப் பார்க்கப் பார்க்கப் பழைய பூச்சிகளே புதிதாகத் தெரியும். பல்துலக்கும் நேரம்கூடச் சோதனையாகிவிடும்.

சோதனையைக் கைவிடச் சொன்னால் இவர் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. அதற்கு ஒரு நாளும் அளவும் குறிக்க வேண்டும், அவ்வளவே. கட்டம் போட்ட ஆம்ஸ்லர் தாளை வாரம் ஒருமுறை, படிக்கும் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தால் போதும். கோடு வளைந்தாலோ நடுவில் அழிந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று பூச்சிகள் கூட்டமாகப் பெருகுவது, ஓரத்தில் மின்னல் வெட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது ஆகிய மூன்றும் அன்றைக்கே போக வேண்டியவை. மையப் பகுதி விலகும் முன் அறுவை சிகிச்சை நடந்தால் பார்வை எவ்வளவோ நன்றாகக் காப்பாற்றப்படுகிறது. பல ஆண்டுகளாக மாறாமல் மிதக்கும் பூச்சிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மற்றது ஆண்டுப் பரிசோதனை. கண்ணில் மருந்து விட்டு, பாவை விரியக் காத்திருந்து, வெயிலில் கூசிக்கொண்டு வீடு திரும்பும் அந்த அரைநாளை ஒத்திப்போடுபவர்களில் பலர் மிகவும் பயப்படுபவர்களே. என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயம், உதவக்கூடிய ஒரே இடத்திலிருந்து அவர்களைத் தள்ளி நிறுத்திவிடுகிறது.

சுற்றத்தார் கொடுக்கும் அச்சமும் உண்டு. பவர் அதிகமான பெண்ணுக்குச் சுகப்பிரசவம் கூடாது, முக்கினால் விழித்திரை விலகிவிடும் என்பது குடும்பங்களில் இன்றும் நிலவும் நம்பிக்கை. கிட்டப்பார்வை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துச் சிசேரியன் செய்ய மருத்துவ ஆதாரம் இல்லை. மாறாக, யாரும் எச்சரிக்காத சிரசாசனம் கண்ணின் அழுத்தத்தை நன்றாக ஏற்றும். கிளாக்கோமா உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

எல்லாம் செய்தும் பார்வை குறையலாம் என்ற உண்மை மிஞ்சுகிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸின் தந்தை பார்வையிழந்தவர். மகனுக்கும் பார்வை இளமையிலிருந்தே மோசம். 1955இல் தேசிய நூலகத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்டபோது அவரால் அந்தப் புத்தகங்களைப் படிக்க முடியவில்லை. மனத்தில் வைத்தே திருத்துவதற்கு வசதியாக யாப்புக் கவிதைக்குத் திரும்பினார். சொல்லச் சொல்லத் தாயார் எழுதினார். மாணவர்களோடு உட்கார்ந்து பழைய ஆங்கிலம் கற்றார். பார்வையிழப்பு ஒரு வரம் என்பதற்கு இவரைச் சான்றாக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது, மெதுவாக வரும் இழப்பு தயாராக அவகாசம் தருகிறது என்பதே. அந்த அவகாசம் இன்று இன்னும் பயனுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் டாக்பேக் வசதி திரையில் உள்ளதைத் தமிழிலும் படித்துக் காட்டுகிறது. பார்வை இருக்கும்போதே அதைப் பழகிக்கொள்பவருக்குப் பின்னாளில் பதற்றம் குறைவு.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் குறைபாட்டுக்கான அளவுகளைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 6/18ஐத் தாண்டாதவர் குறைபார்வை உள்ளவர். 3/60க்கும் கீழே போனவர் பார்வையற்றவர். மைனஸ் 15 பவர் இருந்தும் கண்ணாடியோடு 6/9 வரை தெளிவாகப் படிப்பவர் இந்த இரண்டிலும் வரமாட்டார். வருபவர்களில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது எனச் சான்று பெற்றவர்களுக்கு அரசு வேலையில் 1 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பெரிய கண் மருத்துவமனைகளில் இருக்கும் குறைபார்வைப் பிரிவுகள் மிஞ்சிய பார்வைக்கேற்ற உருப்பெருக்கிகளைத் தேர்ந்து கொடுத்து, அவற்றைக் கொண்டு படிக்கவும் எழுதவும் பயிற்சி தருகின்றன.